காலிக் கோட்டைக்கு மூன்றரை மணி நேரம்

சேலத்தில் கோட்டை என்று ஒரு பகுதி இருக்கிறது. கோட்டை மாரியம்மன் இருக்கிறாள், கோட்டை அழகிரிநாதர் இருக்கிறார், திருமணிமுத்தாறும் பக்கத்திலேயே ஓடுகிறது. மதிலைத்தான் காணோம். மதில் பார்க்க ஆசைப்பட்டால் சங்ககிரி மலை ஏற வேண்டும். அங்கே மதில் உண்டு, உள்ளே குடித்தனம் கிடையாது. மதிலும் கெடாமல் நின்று, அதற்குள் பள்ளிக்கூடம், நீதிமன்றம், பள்ளிவாசல், மளிகைக்கடை, துணி காயும் முற்றம் என்று ஊரும் நடந்துகொண்டிருக்கிற இடம் நமக்கு எட்டும் தூரத்தில் ஒன்று இருக்கிறது: இலங்கையின் தென்கரையில் காலி.

2023 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்குச் சொகுசுக் கப்பல் விட ஆரம்பித்தபோது, சேலத்துக் குடும்பங்கள் பல முதன்முதலாகக் கப்பல் பயணத்தைப் பற்றி விசாரிக்கத் தொடங்கின. இந்தக் கட்டுரை அப்படிக் கிளம்புகிறவர்களுக்காக. கப்பல் கரையில் நிற்கும் ஒரே பகலில் காலிக்குப் போய்த் திரும்ப முடியுமா, போனால் எதைப் பார்ப்பது என்பதுதான் விஷயம். முடியும். ஆனால் முதல் வேலையாக மதில் மேல் ஏறிவிட வேண்டும். கடைத்தெருவில் தொடங்குகிறவர்கள் கடைத்தெருவிலேயே முடித்துவிடுகிறார்கள்.

காலி கடற்கரை ஊராயிற்றே, கப்பல் நேரே அங்கே போகாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு காலத்தில் போயிற்று. நீராவிக் கப்பல்கள் ஐரோப்பாவுக்கும் கிழக்காசியாவுக்கும் நடுவே நிலக்கரி ஏற்ற நின்ற துறைமுகம் காலிதான். ஆனால் துறைமுக வாயிலில் பாறைகள் அதிகம். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் உள்ளே நுழைவதே ஆபத்து. 1875-இல் கொழும்பில் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1885 வாக்கில் அது முடிந்ததும் கப்பல்களெல்லாம் கொழும்புக்கு மாறின. காலிக்கு அது பெரிய நஷ்டம். பழைய ஊர் இடிபடாமல் தப்பியதற்கும் அதுவே ஒரு காரணம் என்று தோன்றுகிறது. துறைமுகம் பெருத்திருந்தால் மதிலை உடைத்துக் கிடங்கு கட்டியிருப்பார்கள். இன்று பெரிய கப்பல்கள் கொழும்பிலோ அம்பாந்தோட்டையிலோ கட்டும். அங்கிருந்து காலிக்குச் சாலை வழிதான். இரண்டிலிருந்தும் தூரம் ஏறத்தாழ 120 கிலோமீட்டர்.

தெற்கு அதிவேக நெடுஞ்சாலை 2011-இல் காலி வரைக்கும், 2014-இல் மாத்தறை வரைக்கும், 2020-இல் அம்பாந்தோட்டைப் பக்கம் வரைக்கும் திறக்கப்பட்டது. உச்ச வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர். அம்பாந்தோட்டையிலிருந்து வேனில் ஒன்றேமுக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொழும்பில் நகர நெரிசலைத் தாண்டி நெடுஞ்சாலையைப் பிடிக்கவே முக்கால் மணி போய்விடும் என்பதால் இரண்டேகால் மணி. காலிக்கு இறங்க வேண்டிய இடம் பின்னதுவ. அங்கிருந்து கோட்டைக்கு ஏழெட்டு கிலோமீட்டர், அதுவும் ஊருக்குள் ஊர்ந்துதான் போகும்.

இனி கணக்கு. கப்பல் காலை 8-க்கு வந்து மாலை 6-க்குக் கிளம்புகிறது என்றால், உங்களுக்கு 10 மணி நேரம் இருப்பதாக நினைக்கக் கூடாது. ஏணிப்பாலம் போட்டு, குடிவரவு முத்திரை முடிந்து, வேனில் உட்காரும்போது 9 ஆகிவிடும். காலியில் கால் வைப்பது 10.45. அந்தப் பக்கம், எல்லோரும் கப்பலுக்குள் இருக்க வேண்டிய நேரம் புறப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி முன்னால் இருக்கும், 5 என்று கொள்வோம். அதிலிருந்து பயணத்துக்கு ஒன்றேமுக்கால் மணி, டயர் பஞ்சராவதற்கும் மழைக்கும் ஒரு மணி கழித்தால், காலியை விட்டுக் கிளம்ப வேண்டியது 2.15. கையில் இருப்பது மூன்றரை மணி நேரம். மதிலுக்கு ஒன்றரை மணி, சாப்பாட்டுக்கு முக்கால், பழைய வாசலுக்கும் தேவாலயத்துக்கும் முக்கால், மிச்சம் அரை மணி தெருவுக்கு. கொழும்பில் இறங்குகிறவர்களுக்கு இதிலும் ஒரு மணி குறையும். சாப்பாட்டை வேனிலேயே முடித்துக்கொள்வது நல்லது.

கப்பல் நிறுவனம் நடத்தும் சுற்றுலாவில் போவதா, தனியாக வேன் பிடிப்பதா? வித்தியாசம் ஒன்றே ஒன்றில்தான் பெரிது. கப்பலின் சொந்தச் சுற்றுலாப் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்கள் பிடித்த வேன் தாமதமானால் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில் போய்ச் சேர வேண்டும். கடைசித் துறைமுகமாக இருந்தால் கொழும்பு போய் விமானம் பிடிக்க வேண்டியதுதான். அதனால் முதல்முறை போகிறவர்கள், பெரியவர்களோடு போகிறவர்கள் கப்பலின் சுற்றுலாவையே எடுப்பது நல்லது. ஆனால் வாங்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: காலிக் கோட்டைக்குள் எத்தனை மணி நேரம் விடுவீர்கள்? ஆமைப் பண்ணை, மசாலாத் தோட்டம், ரத்தினக் கடை, கோட்டை என்று நான்கையும் அடுக்கிக் கோட்டைக்கு 50 நிமிடம் தரும் சுற்றுலாக்கள் உண்டு. அதற்குப் பணம் கட்டுவதைவிட, ஆறு பேர் சேர்ந்து தனி வேன் பிடித்து 2.15-க்குக் கறாராகக் கிளம்பலாம். நல்ல வேளையாக இலங்கை நேரமும் நம் நேரமும் ஒன்றே, கடிகாரத்தைத் திருப்பி ஏமாறும் வேலை இல்லை. இருந்தாலும் கப்பலில் ஒட்டியிருக்கும் நேரத்தைக் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு இறங்குங்கள்.

புறப்பாட்டு ஏற்பாடுகளில் சேலத்துக்காரர்கள் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. ஏற்காடு எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் விடியுமுன் சென்ட்ரல் போய்விடலாம். துறைமுகம் அங்கிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர்தான். அன்று காலை சேலத்திலிருந்து கிளம்பும் ரயிலை நம்ப வேண்டாம். கப்பலில் ஏறும் வாசலைப் புறப்பாட்டுக்கு வெகு முன்பே மூடிவிடுவார்கள். பாஸ்போர்ட்டுக்கு ஆறு மாதமாவது ஆயுள் இருக்க வேண்டும். இலங்கைக்கான மின்னணுப் பயண அனுமதியை யார் எடுப்பது, நீங்களா நிறுவனமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். துறைமுகத்தில் பெட்டிகளை வாங்கி அடையாளச் சீட்டுக் கட்டி உள்ளே அனுப்புவார்கள். அவை அறைக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகலாம். பாஸ்போர்ட்டையும் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளையும் பெட்டிக்குள் வைத்துவிட்டு வரிசையில் தவிப்பவர்கள் அதிகம். அவற்றுக்குத் தோள்பை. எலக்ட்ரிக் கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு, இஸ்திரிப் பெட்டி எதுவும் கூடாது. நடுக்கடலில் தீதான் எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் என்பதால் எடுத்து வைத்துக்கொள்வார்கள். மாம்பழக் கூடையையும் விட்டுவிடுங்கள். வெளிச் சாப்பாட்டைக் கப்பல்கள் அனுமதிப்பதில்லை. பழம், செடி, விதைகளை அனுமதி இல்லாமல் இலங்கைக்குள் இறக்கவும் முடியாது.

ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவில் பத்தாவதைத் தாண்டுமுன் முகம் வெளுக்கிறவர்கள் வீட்டில் இருந்தால், அறை எடுக்கும்போதே யோசியுங்கள். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு. ஊஞ்சலின் கயிறு கட்டிய இடம் அசைவதில்லை, பலகைதான் ஆடுகிறது, அதே கதை. குமட்டல் தொடங்கிய பிறகு மாத்திரை போட்டுப் பயன் குறைவு. டாக்டரிடம் கேட்டு முந்தைய ராத்திரியே போட வேண்டும். கடலில் இருக்கும்வரை கைபேசியை விமானப் பயன்முறையில் வையுங்கள். இல்லையென்றால் அது கப்பலின் செயற்கைக்கோள் வலையைத் தானாகப் பிடித்துக்கொண்டு, ஊருக்கு வந்தபிறகு பில்லில் தெரியும்.

இப்போது கோட்டை.

போர்த்துகீசியர் 1505-இலேயே இந்தக் கரைக்கு வந்துவிட்டாலும், காலியில் கோட்டை எழுப்பத் தொடங்கியது 1588-இல். மூன்று பக்கமும் கடல், வடக்கே மட்டும் நிலம் என்பதால் நிலப்பக்கம் மட்டும் பலமாகச் சுவர் வைத்தார்கள். 1640-இல் வில்லெம் கோஸ்டர் தலைமையில் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். கடல்பக்கத்தையும் வளைத்து, 14 கொத்தளங்களோடு இன்று நாம் பார்க்கும் வடிவத்துக்குக் கொண்டுவந்தது அவர்கள்தான். 1796-இல் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. 1988-இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்தது. சுற்றளவு மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கும். மதில் மேல் நடக்கக் கட்டணம் கிடையாது.

வேனை முதன்மை வாசலில் நிறுத்தச் சொல்லுங்கள். இது 1873-இல் ஆங்கிலேயர் திறந்தது, பழைய வாசல் கிழக்கே இருக்கிறது. முற்றுகை பயம் போனபிறகு வண்டி போக வசதிக்காகத் துளைத்த வழி என்பது பார்த்தாலே தெரியும்: நேரே உள்ளே போகிறது. உள்ளே நுழைந்ததும் வலப்பக்கம் மேலேறினால் நிலவுக் கொத்தளம். மணிக்கூண்டு நிற்கிறதே, அதுதான். கூண்டு 1883-இல் கட்டியது. இங்கிருந்து மேற்கே நடந்து, தெற்கே திரும்பி, கடலோரமாகக் கலங்கரை விளக்கம் வரை போவதுதான் நல்ல திசை. கோயிலை வலம் வருவதுபோல் அல்ல, இடமாகச் சுற்ற வேண்டும். காரணம் வெளிச்சம். முற்பகலில் வெயில் உங்கள் முதுகுப்பக்கம் கிழக்கிலிருந்து விழும், மேற்குக் கடல் பச்சையும் நீலமுமாகத் தெளிவாகத் தெரியும். மதியம் தாண்டினால் அதே கடல் கண்ணைக் கூசும் தகரம்தான். நடை முடியும் இடத்திலேயே சாப்பாட்டுத் தெருக்களும் இருக்கின்றன.

மணிக்கூண்டின் அடியில் நின்று வெளியே பாருங்கள். கீழே கிரிக்கெட் மைதானம். 2010 ஜூலை 22 அன்று இங்கேதான் முத்தையா முரளிதரன் இந்தியாவுக்கு எதிராகத் தன் 800-ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்தார். ஓஜா அடித்த பந்தை மஹேல ஜயவர்தன பிடித்தார், முரளியின் டெஸ்ட் வாழ்க்கையில் அதுவே கடைசிப் பந்து. ஆட்டம் நடக்கும் நாட்களில் இந்த மதில் மேல் உட்கார்ந்தே பார்ப்பார்கள். அன்றைய சேலம், திருச்சி மாவட்டங்களிலிருந்து கண்டித் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூட்டம் கொஞ்சநஞ்சமல்ல. மலையகத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் உலகச் சாதனை முடித்த மைதானத்தை மேலிருந்து ஒருமுறை நிதானமாகப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் தரலாம்.

அதே இடத்தில் நின்றபடி இடப்பக்கம், மேற்கே, நட்சத்திரக் கொத்தளத்தை நோக்கி மதிலின் வெளிமுகத்தைப் பாருங்கள். இந்தக் கோட்டையின் சூட்சுமம் முழுவதும் அந்த ஒரு பார்வையில் இருக்கிறது. கோட்டை கொத்தளம் என்று நாம் சேர்த்தே பேசுகிறோம், கொத்தளம் எதற்கு என்று யோசிப்பதில்லை. வட்டக் கோபுரமாக இருந்தால் அதன் காலடியில் ஓர் இருட்டு மூலை உண்டாகும். மேலிருப்பவன் குனிந்தாலும் அங்கே நிற்கும் எதிரி கண்ணுக்குப் படமாட்டான். அவன் பாட்டுக்கு அடித்தளத்தைத் தோண்டலாம். இங்கே கொத்தளங்களைக் கூர்மூக்காக வெளியே நீட்டி, ஒன்றின் பக்கவாட்டை அடுத்ததிலிருந்து சுடும்படி அமைத்திருக்கிறார்கள். நிலவிலிருந்து நட்சத்திரத்தின் சுவரும், நட்சத்திரத்திலிருந்து நிலவின் சுவரும் முழுக்கத் தெரியும். இந்தப் பக்கம் சூரியக் கொத்தளத்துக்கும் அப்படியே. ஒளிய ஒரு முழம் இடமில்லை.

சங்ககிரியோடு ஒப்பிட்டால் இன்னும் விளங்கும். சங்ககிரியின் பலம் உயரம். மலைச்சரிவே பாதி வேலையைச் செய்துவிடுகிறது, அடுக்கடுக்கான மதில்களும் வாசல்களும் மீதியைச் செய்கின்றன. காலி சமதரை. இங்கே உயரமாகக் கட்டினால் பீரங்கிக்கு நல்ல குறியாகிவிடும். அதனால் உயரத்தைவிடப் பருமனுக்குத்தான் இடம் கொடுத்தார்கள். இருபக்கமும் கல்முகம் வைத்து நடுவே மண் கொட்டி இறுக்கியிருக்கிறார்கள். குண்டு மண்ணில் புதைந்துபோகும், கல் சிதறாது. நீங்கள் நடக்கும் புல்தரை அந்த மண்ணின் மேல்மட்டம்தான்.

சுவரைக் கிட்டே போய்ப் பாருங்கள். கருங்கல்லுக்கு நடுநடுவே வெளிறிய, துளைதுளையான கற்கள் இருக்கும். தேனடையை அறுத்து வைத்ததுபோல வரிசையாகச் சின்னச் சின்னக் கண்கள். இலங்கைத் தமிழில் முருகைக்கல் என்பார்கள், கடலடியில் உயிராக வளர்ந்த பவளப்பாறை. சுண்ணாம்புக்கும் இதையே சுட்டார்கள். உப்புக்காற்று இதை அரித்துத் தின்கிறது. விரலால் தேய்த்தால் மாவாக உதிரும் இடங்கள் உண்டு. தேய்க்காதீர்கள். குழந்தைகள் கல் பெயர்த்து எடுப்பதையும் தடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. பல இடங்களில் மதில் விளிம்பில் கைப்பிடி கிடையாது, கீழே பாறை. இரண்டு ராத்திரி கப்பலில் இருந்துவிட்டு இறங்கினால் தரையே மெல்ல ஆடுவதுபோல் தோன்றும். காது சமநிலைக்கு வரச் சற்று நேரம் பிடிக்கும். வேனில் வந்த ஒன்றேமுக்கால் மணியில் அடங்கியிருந்தாலும், முதல் கால் மணி நேரம் விளிம்புப் பக்கம் போகாமல் நடுவே நடப்பது நல்லது. புல் ஈரமாக இருந்தால் செருப்பு வழுக்கும், பிடிப்புள்ள காலணி வேண்டும்.

மேற்குச் சுவரில் ஏயோலஸ், கிளிப்பன்பெர்க், நெப்டியூன், டிரைட்டன் என்று வரிசையாக வரும். பெயர்ப் பலகையைப் பார்த்தபடி கடந்துபோகலாம், டிரைட்டனில் மட்டும் நில்லுங்கள். 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் தெருக்களுக்கு அடியில் கழிவுநீர்க் கால்வாய் வெட்டினார்கள். கடல் ஏற்றத்தில் நீர் உள்ளே புகுந்து, வற்றும்போது அழுக்கை இழுத்துப் போகும்படியான அமைப்பு. டிரைட்டனில் ஒரு காற்றாலை வைத்துக் கடல்நீரை ஏற்றியும் அலசினார்கள். காற்று, அலை இரண்டையும் வைத்தே ஊரைச் சுத்தமாக வைத்திருந்த ஏற்பாடு. மதிலைக் கட்டியவர்களைவிட இதை யோசித்தவரைத்தான் அதிகம் மெச்ச வேண்டும்.

தென்மேற்கு மூலை கொடிப்பாறை. இந்தப் பக்கத்துக் கடலடிப் பாறைகளைப் பற்றி வரும் கப்பல்களுக்கு எச்சரிக்கை கொடுத்த இடம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அலை வந்து மோதி மேலே எழும்பும், துளி முகத்தில் அடிக்கும். கேமரா கண்ணாடியில் உப்புப் படலம் படியும். காய்ந்த துணியால் துடைத்தால் கீறல் விழும், கொஞ்சம் குடிநீரில் நனைத்துத் துடையுங்கள். இங்கிருந்து கடலில் குதித்துக் காட்டிக் காசு கேட்கும் இளைஞர்கள் இருப்பார்கள். பாறைகளுக்கு நடுவே எங்கே ஆழம் என்பது அவர்களுக்குப் பழக்கம். காசு கொடுத்து ஊக்குவிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. உங்கள் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவே வேண்டாம்.

குடை இங்கே உதவாது, காற்று திருப்பிப் போட்டுவிடும். தாடையில் கட்டும் தொப்பி, அல்லது நம் ஈரிழைத் துண்டு. சேலத்து வெயில் காய்ச்சும், வியர்வை உலர்ந்துவிடும். காலி வெயிலில் வியர்வை உலராது, அதனால் உடம்பு குளிராது, சீக்கிரம் சோர்ந்துபோவீர்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், ஓர் உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம். மதில் மேல் நிழல் கிடையாது.

தென்கிழக்கு மூலையில் உட்ரெக்ட் முனை. காலியில் கலங்கரை விளக்கம் முதலில் 1848-இல் எழுந்தது. அது தீயில் போனபின் கட்டியதுதான் இப்போது நிற்கும் வெள்ளைத் தூண், உயரம் 26 மீட்டருக்குச் சற்று மேல். பக்கத்தில் 1782 என்று பொறித்த வெடிமருந்துக் கிடங்கு. எதிரே மீரான் பள்ளிவாசல். முன்முகத்தைப் பார்த்துத் தேவாலயம் என்று நினைத்துவிடுவீர்கள், அப்படியொரு ஐரோப்பியக் கட்டுமானம். உள்ளே போக விரும்பினால் தோள், முழங்கால் மூடிய உடை, தொழுகை நேரம் தவிர்ப்பது, வாசலில் அனுமதி கேட்பது.

இதற்கு வடக்கே கிழக்குச் சுவரில் மேலேயே தொடர்ந்து நடக்க முடியாது. இறங்கி ஹாஸ்பிடல் தெரு வழியாகப் போக வேண்டும். அந்தப் பக்கம் ஆக்கர்ஸ்லூட் என்றொரு கொத்தளம் இருக்கிறது, 1640-இல் கோட்டையைப் பிடித்த கோஸ்டரின் சொந்த ஊர்ப் பெயர். கோட்டை பிடித்தவன் தன் ஊர்ப் பெயரைக் கல்லில் விட்டுப் போயிருக்கிறான்.

தெருவுக்குள் வந்ததும் தமிழில் கேளுங்கள். சிங்களமும் ஆங்கிலமும்தான் என்று நினைத்துச் சைகையில் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். கோட்டைக்குள் பல தலைமுறையாக வாழும் முஸ்லிம் குடும்பங்களுக்குத் தாய்மொழி தமிழ். “எங்கயிருந்து வாறீங்க?” என்று அவர்களே கேட்பார்கள். “சேலம்” என்றால் பேச்சு நீளும். ஒரு சொல்லில் மட்டும் கவனம். அவர்கள் வழக்கில் நானா என்றால் அண்ணன், தாத்தா என்றால் அக்கா. கடைக்காரர் உள்ளே பார்த்து “தாத்தா!” என்று கூப்பிட்டால் கிழவரை எதிர்பார்க்காதீர்கள். கடையில் இருப்பவரை நீங்களும் நானா என்றே கூப்பிடலாம்.

சாப்பாடு சோறும் கறியும். சைவக்காரர்கள் “மரக்கறிச் சாப்பாடு” என்று கேட்டால் மட்டும் போதாது. தேங்காய்ச் சம்பல், பருப்பு, ஏன் கீரைச் சுண்டலில்கூட மாசி போடும் பழக்கம் உண்டு. மாசி என்பது காய வைத்த சூரை மீன், இடித்துத் தூவினால் கண்ணுக்கே தெரியாது. “மாசி போடாம இருக்கா?” என்று ஒவ்வொரு கறிக்கும் கேட்க வேண்டும். பலாக்காய்க் கறியும் எருமைத் தயிரும் கித்துள் பாணியும் (கித்துள் பனையின் பாகு) தென்னிலங்கையில் தவறவிடக் கூடாதவை. பால் இல்லாத தேநீருக்குப் பிளேன் டீ என்று பெயர். கார்டு பல இடங்களில் செல்லும். டீக்கும் ஆட்டோவுக்கும் கொஞ்சம் இலங்கை ரூபாய் சில்லறை வேண்டும்.

சர்ச் தெருவில் 1755-இல் முடிந்த டச்சுத் தேவாலயம். தரையே கல்லறைக் கற்களால் பாவியது. கிழக்கே பழைய வாசல். இதன் உட்பக்கம் டச்சுக் கம்பெனியின் முத்திரை, 1669 என்று ரோமன் எண்ணில், சிங்கங்கள் தாங்க உச்சியில் ஒரு சேவல். வெளிப்பக்கம் ஆங்கிலேயரின் அரச முத்திரை. இரண்டையும் பார்க்க வாசலைக் கடந்து திரும்ப வேண்டும், பலர் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். வாசலை ஒட்டிய நீளக் கட்டிடம் டச்சுக்காரர்களின் பெரிய பண்டகசாலை, இப்போது கடல்சார் தொல்பொருள் அருங்காட்சியகம். 1659-இல் காலித் துறைமுகத்திலேயே நங்கூரம் நழுவி மூழ்கிய ஆவொண்ட்ஸ்டர் என்ற கப்பலை 2001-லிருந்து 2004 வரை நீருக்கடியில் அகழ்ந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தது. மதிலுக்கு வெளியே பேருந்து நிலையமும் மைதானமும் சின்னாபின்னமாயின, எத்தனையோ உயிர் போயிற்று. மதிலுக்கு உள்ளே ஊர் பெரும்பாலும் தப்பியது. பீரங்கிக்காகப் போட்ட மண் பருமன் முன்னூறு ஆண்டு கழித்து அலைக்கு நின்றது. மைதானத்தில் மறுபடி டெஸ்ட் நடந்தது 2007 டிசம்பரில்தான்.

வாங்குவதென்றால் பீரளு லேஸ் வாங்கலாம். அம்மாப்பேட்டையிலும் குகையிலும் தறிச்சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது பிடித்துப்போகும். உருண்டைத் தலையணை மேல் கோலத்தாளைக் குத்தி, குண்டூசிகள் நட்டு, நூல் சுற்றிய மரக்குச்சிகளை ஜோடி ஜோடியாக மாற்றிப் போட்டுப் பின்னுகிறார்கள். ஒரு சாண் முடிய மணிக்கணக்காகும். மெஷின் லேஸையும் இதே பெயரில் விற்பார்கள். கைவேலையில் பூவுக்குப் பூ நூலளவு வித்தியாசம் இருக்கும், மெஷினில் எல்லாம் அச்சு வார்த்தது போல இருக்கும். பின்னிக் காட்டச் சொல்லுங்கள், பின்னுகிறவர் இருக்கும் கடையில் வாங்குங்கள். ரத்தினக்கல் விஷயத்தில், செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி வாங்கப் பழகிய கண் கல்லுக்குப் போதாது. அரை மணி நேரத்தில் நீலக்கல் வாங்காதீர்கள். ஆட்டோக்காரர் அழைத்துப் போகும் கடையில் அவருக்கும் பங்கு உண்டு.

கப்பல் கொழும்பில் நிற்கிறதென்றால், காலிக்கு அலைய முடியாத பெரியவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. காலியின் பழைய தமிழ்ச் சான்று ஒன்று காலியில் இல்லை, கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1911-இல் காலியில் ஒரு மதகில் கிடந்த கல் அது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே 1409 தேதியிட்டுக் கொண்டுவந்தது, சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழியில் எழுதியது. சீனப் பகுதி புத்தருக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாத்துக்கும், தமிழ்ப் பகுதி தெனவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும் காணிக்கை சொல்கிறது. 1,000 பொன், 5,000 வெள்ளி என்று பட்டியல் போகிறது. அந்தத் தெனவரை இன்றைய தெவிநுவர, மாத்தறைக்குப் பக்கம், அம்பாந்தோட்டையிலிருந்து வரும் வழியில் கடலோரமாக இருக்கிறது. அங்கே இருந்த பெருங்கோயிலைப் போர்த்துகீசியர் இடித்தது 1588-இல், காலியில் கோட்டைக்குக் கல் அடுக்கத் தொடங்கிய அதே ஆண்டு. கல்வெட்டின் முன் நின்றால் வலப்பாதி சீனம். தமிழ் இடப்பக்கம் மேலே, அதன் கீழே பாரசீகம். எழுத்து தேய்ந்திருக்கிறது. நேரே நின்று பார்ப்பதைவிட ஒரு பக்கமாகச் சாய்ந்து வெளிச்சம் குறுக்கே விழும்படி பார்த்தால் வரிகள் பிடிபடும்.